முகாம் பிள்ளைகளின் மாலை வகுப்பு அடுத்த ஜூனிலும் திறக்க: நிலையான நிதிக்கு ஒரு வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கு எங்கள் அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்புக்காக 2021 டிசம்பரில் நன்கொடை கேட்டுப் போனோம். கையில் 22 பக்கத் திட்ட அறிக்கை, ஸ்பைரல் பைண்டிங் போட்டது. அவர் அதைத் திறக்கவே இல்லை. கல்லாப் பெட்டிமேல் பத்திரமாக வைத்துவிட்டு, "ஏந் தம்பி, ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அறக்கட்டளையின் பொருளாளர் நான். வருடச் செலவு தெரியும், தலைப்புவாரியாகத் தெரியும். ஒரு பிள்ளை, ஒரு நாள் என்று பிரித்துப் பார்த்ததே இல்லை. கேட்டவர்கள் அப்படிக் கேட்டதில்லை என்பதுதான் காரணம்.

அதுவரை எங்களுக்குப் பணம் வந்த வழி வேறு. பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டு நன்கொடையை வாங்கி எங்களைப் போன்ற சின்ன அறக்கட்டளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். 2020 செப்டம்பர் இறுதியில் அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள்) வந்த திருத்தம் அந்தப் பகிர்வை அடியோடு தடுத்தது. எங்களிடமும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தது, ஆனால் நேரடியாகக் கொடுக்க வெளிநாட்டில் ஒருவரையும் தெரியாது. கடைசித் தவணையை ஒரு வருடம் இழுத்துப் பிடித்தோம். அப்புறம்தான் செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தோம்.

எங்களுக்கு நடந்தது 2025இல் உலகம் முழுக்க நடந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலையில் அந்நாட்டு அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு மூடப்பட்டது, ஐ.நா. அகதிகள் ஆணையமே ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைத்தது. ஆகவே "யார் நிறையக் கொடுப்பார்கள்" என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். "எந்தப் பணம் எந்த மாதத்தில் நிற்கும், நின்றால் எது ஓடும்" என்பதிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான விடைகள்தான்.

முதலில்: அரசு கொடுப்பதற்குப் பணம் திரட்டாதீர்கள்

சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி என்று பல இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983க்குப் பிறகு அலையலையாக வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு நலத்திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியமானது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என உயர்ந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனதும் அப்போதுதான். உங்கள் கடிதங்களிலும் அந்தப் பெயரே இருக்கட்டும். ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்கும் அது நல்லது, அங்கே வாழ்கிறவர்களுக்கும் அது கௌரவம்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். அரசிடமிருந்து வருவது ஒரு பக்கம்: வீடு, அரிசி, பணக்கொடை, பள்ளிக்கூடம். வராதது இன்னொரு பக்கம்: மாலை வகுப்பு, கல்லூரிக்குப் போய்வர பஸ் காசு, அரசு உதவி எட்டாத விடுதிக் கட்டணம், பெயின்டிங் வேலைக்குப் போய் சாரத்திலிருந்து விழுந்தவரின் மருத்துவச் செலவு. இரண்டாவது பக்கம்தான் உங்கள் வேலை. முதல் பக்கத்தில் ஏதாவது தடைபட்டிருந்தால் அதற்கு நன்கொடை தேட வேண்டாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு போதும். ஒரு மனுவில் கிடைக்க வேண்டியதற்காக இரண்டு மாதம் ஊர் ஊராக நன்கொடை கேட்டவர்கள் நாங்கள்.

முகாமுக்குள் எந்த வேலை செய்வதென்றாலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். கொடுப்பவர்கள் பெரியவர்களாக ஆக ஆக, அந்தக் கடிதத்தின் நகலைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு பிள்ளை, ஒரு நாள்

பெரியவரின் கேள்விக்கு விடை தேடி அன்றிரவு உட்கார்ந்தோம். எண்கள் உங்களுக்கு வேறாக இருக்கும். போடும் முறைதான் முக்கியம். 60 பிள்ளைகள், மாதம் 24 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

முகாமிலேயே படித்து முடித்த இரண்டு ஆசிரியைகளுக்கு தலா 6,000 என்று 12,000. சுண்டல் தலைக்கு 8 ரூபாய் வீதம் 11,520. ஒருங்கிணைப்பாளருக்கு 9,000. போக்குவரத்து 2,000, நோட்டு பென்சில் 1,500, மின்சாரம் 900. ஆடிட்டருக்கு வருடம் 15,000 என்றால் மாதத்துக்கு 1,250. கூட்டினால் 38,170 ரூபாய். ஒரு பிள்ளைக்கு மாதம் 636. ஒரு மாலைக்கு 26 ரூபாய் 50 காசு.

இந்தக் கணக்கில் எல்லோரும் செய்யும் தவறு, ஆடிட்டரையும் ஒருங்கிணைப்பாளரையும் வெளியே விட்டுவிடுவது. "நிர்வாகச் செலவே கிடையாது, முழுப் பணமும் பிள்ளைகளுக்கே" என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பிறகு அந்த 10,250 ரூபாயை மாதாமாதம் யாராவது சட்டைப்பையிலிருந்து போடுவார். எங்களிடம் இரண்டு வருடம் போட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை வந்தபோது திட்டமே நொண்டியது. உண்மைச் செலவைச் சொல்லுங்கள். செவ்வாய்ப்பேட்டைக்காரர் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. "ஆடிட்டரு இல்லாம நான் ஓட்டறனா?" என்றார்.

பத்திரங்கள்

இது சலிப்பான பகுதி, ஆனால் தாண்ட முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளையோ, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கமோ வேண்டும். அப்புறம் வருமான வரித் துறையின் 12ஏபி பதிவு (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி ஒப்புதல் (கொடுப்பவருக்கு வரிக்கழிவு), பான், தொண்டு அமைப்புகளைப் பதியும் நிதி ஆயோக் தளத்தின் தர்பன் எண். புதிய அமைப்புக்கு 12ஏபியும் 80ஜியும் முதலில் தற்காலிகமாக மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். அது முடிவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே, அல்லது வேலையைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், இரண்டில் எது முந்தியோ அதற்குள் வழக்கமான பதிவுக்கு மனுப் போட வேண்டும். பல நல்ல அமைப்புகள் இடறி விழும் இடம் இதுதான். தேதியைப் பொருளாளரின் போனில் மட்டும் வைக்காமல் அலுவலகச் சுவர்க் காலண்டரிலும் எழுதுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நான் எழுதியிருப்பவை எல்லோர் வாயிலும் இருக்கும் பழைய எண்கள்.

80ஜியைப் பற்றி ஒரு வார்த்தை. "வரிவிலக்கு உண்டு" என்பதை முதல் வரியாகச் சொல்லாதீர்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. மாதச் சம்பளக்காரர்கள் நிறையப் பேர் இன்று அதில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை.

அருகில் இருப்பவர்களின் மாதப் பணம்

இதில்தான் உங்கள் உழைப்பில் பாதி போக வேண்டும். நூறு பேர், மாதம் 200 ரூபாய் என்றால் 20,000. மேலே போட்ட கணக்கில் பாதிக்கும் மேல் அதிலேயே நிறைந்துவிடுகிறது. நூறு பேரில் மாதம் இரண்டு பேர் விலகினாலும் வகுப்பு நிற்காது. ஒரே ஆள் 20,000 கொடுத்து அவர் விலகினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நூறு பேரை எங்கே பிடிப்பது? கூட்டம் போட்டு, மேடை கட்டிப் பேசி எங்களுக்கு நான்கு பேர்கூடக் கிடைக்கவில்லை. பத்துப் பேரிடம் தனித்தனியாகப் போய், "உங்களுக்குத் தெரிந்த பத்துப் பேர்" என்று கேட்டபோதுதான் வந்தது. அந்தப் பத்துப் பேர் யாராக இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள்: லீ பஜார் மளிகை மொத்த வியாபாரி ஒருவர், ஒரு பல் மருத்துவர், இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்யும் அக்கா, அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, கொலுசுப் பட்டறைக்காரர். எல்லோருக்கும் பொதுவான ஒன்று, தினமும் நாலு பேரிடம் பேசும் தொழில். மிகப் பெரிய பணக்காரர் ஒருவரும் பட்டியலில் இருந்தார். அவர் ஒருவரைக்கூட அழைத்து வரவில்லை.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தொகை சின்னதா பெரியதா என்பதைவிட, யார் வந்தார்கள், யாருக்கு நாம் திரும்பப் போக வேண்டும் என்பதுதான் விஷயம். எங்கள் பதிவேடும் அப்படித்தான். பெயர், தொகை, தேதிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கட்டம். "மகள் பிளஸ் டூ எழுதுகிறாள்", "ஜனவரியில் கடை மாற்றம்", "அம்மா இறந்தது ஆடி அமாவாசைக்கு முந்தின நாள்" என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் கடைசி வரியிலிருந்து இன்னொரு வழி பிறந்தது. 60 பிள்ளைகளின் சுண்டலுக்கு ஒரு நாள் செலவு 480 ரூபாய். பெற்றோர் நினைவு நாள், பிள்ளையின் பிறந்த நாள், மணநாள் என்று ஒரு நாளை ஏற்றுக்கொள்ளச் சொன்னோம். கோயிலில் ஒரு நாள் அன்னதானக் கட்டளை எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வருடத்தில் 288 வகுப்பு நாள். மூன்றாம் வருடம் அதில் முக்கால்வாசிக்கு ஆள் கிடைத்துவிட்டார்கள்.

பணம் வரும் முறையைச் சுலபமாக்குங்கள். கியூஆர் அட்டை மட்டும் கொடுத்தால் முதல் மாதம் வரும், மூன்றாம் மாதம் மறந்துபோகும். யுபிஐ ஆட்டோபேயோ வங்கியில் நிலையான உத்தரவோ போடச் சொல்லுங்கள். போனை வாங்கி நீங்களே போட்டுத் தராமல், அவரே அழுத்தும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஆட்டோபே பிடிக்காத வயதானவர்களிடம் மாதம் ஒருமுறை நேரில் போக வேண்டியதுதான். அதை நஷ்டமாக நினைக்காதீர்கள். எங்கள் பட்டறைக்காரர் ஐந்து வருடமாக 500 ரூபாயைக் கையில்தான் கொடுக்கிறார். ரசீதை வாங்கி மடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு என்ன சுண்டலு?" ஒருமுறை தெரியாமல் விழித்தேன். அன்றிலிருந்து போவதற்கு முன் ஆசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வேன். "ஓம் அண்ணா, இண்டைக்கு கொண்டைக்கடலை, அவருக்குச் சொல்லுங்கோ" என்பாள். இங்கேயே பிறந்தவள், வீட்டுப் பேச்சு அம்மாவிடமிருந்து வந்தது.

ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயரோடு ரசீது போடுங்கள். கடைகளில் உண்டியல் வைப்பது கேட்க எளிது. ஆனால் கொடுத்தவர் பெயர் தெரியாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால், அதாவது ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் போனால், 30 சதவீத வரி உண்டு. 80ஜி உள்ள அமைப்பு கொடுத்தவர்களின் பட்டியலை ஒவ்வொரு வருடமும் மே 31க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்யவும் வேண்டும். பான் எண்ணை மே மாதம் கேட்டு ஓடாமல் முதல் ரசீதிலேயே வாங்கிவிடுங்கள்.

கேட்கும் காலமும் பார்க்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட்காரரிடம் காப்பி அறுவடை முடிந்து பணம் கைக்கு வந்த பிறகு போங்கள். ஜவ்வரிசி ஆலைக்காரரிடம் மரவள்ளி அரவை ஓடும் மாதங்களில் போங்கள். ஆலை மூடிக் கிடக்கும்போது போய்க் கேட்டால் அவர் மறுப்பது உங்களை அல்ல.

கம்பெனிப் பணம்

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதுதான் சி.எஸ்.ஆர். வாங்கும் அமைப்புக்கு 12ஏபி, 80ஜியோடு சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் தேவை.

சேலம் என்றதும் எல்லோரும் உருக்காலை, பொட்டனேரி ஜே.எஸ்.டபிள்யூ., மேட்டூர் ரசாயனத் தொழிற்சாலைகள் என்று போகிறார்கள். போகலாம், வரிசை நீளம். நான் இரண்டாம் வரிசையைச் சொல்வேன்: 5 கோடி லாபத்தைத் தாண்டிய நூற்பாலை, தனியார் மருத்துவமனை, வாகன விற்பனை நிறுவனம். சி.எஸ்.ஆர். தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் அதற்கென்று தனிக் குழு அமைக்க வேண்டியதில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். பெரும்பாலும் அது ஒரு குடும்பம். ஒரு மாலை முகாமுக்கு வந்து பார்த்தார்கள் என்றால் அடுத்த வாரமே பேச்சு முடிந்துவிடும்.

சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் 'அகதி' என்ற சொல் இல்லை. கல்வி, வாழ்வாதாரம், பெண்கள் முன்னேற்றம் என்று இருக்கிறது. உங்கள் வேலை எந்தத் தலைப்பில் அடங்கும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு வருடத் திட்டமாக வாங்காதீர்கள். தொடர் திட்டம் என்று எடுத்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுவரை நீட்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. கம்பெனிகளுக்கே இது பல நேரம் தோன்றுவதில்லை. இன்னொன்று: மார்ச் 20ஆம் தேதி போன் செய்து, "பத்து நாளில் செலவு செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். நாங்கள் ஒருமுறை ஆசைப்பட்டுத் தலையாட்டினோம். 40 மர பெஞ்சு வந்து இறங்கியது. எங்கள் வகுப்பறையில் 15தான் அடங்கும்.

வெளிநாட்டுப் பணம்

முகாமில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ ஒரு சொந்தம் உண்டு. "நாங்கள் அனுப்புறம்" என்று அன்போடு சொல்வார்கள். எச்சரிக்கையாக இருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் துபாயிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது அந்நிய நன்கொடை ஆகாது. கனடியக் குடிமகன் அனுப்பினால் ஆகும், அவர் தமிழரே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்கு அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும். முகாமுக்கு வந்து பார்த்துவிட்டுக் கையில் 5,000 ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அதே கதைதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் அதை வாங்கவே கூடாது. சொந்த அண்ணன் தன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை நேரே கட்டுவது அவர்கள் குடும்ப விஷயம். உங்கள் கணக்கு வழியாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று. சட்டம் நோட்டின் நாட்டைப் பார்ப்பதில்லை, கொடுப்பவரின் குடியுரிமையைப் பார்க்கிறது. அப்படியென்றால் முகாமில் இருக்கும், இந்தியக் குடியுரிமை இல்லாத ஒரு தாய் மாதம் 50 ரூபாய் நன்கொடை கொடுத்தால்? எங்கள் ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெற்றோர் பங்களிப்பைப் பெற்றோர் குழுவே வசூலித்து, சுண்டல் பானை, விறகு, பாய் என்று அவர்களே வாங்கும்படி மாற்றிக்கொண்டோம். அறக்கட்டளைக் கணக்குக்குள் அது வருவதில்லை. இதனால் இன்னொரு நன்மையும் வந்தது: சுண்டல் சரியாக வேகவில்லை என்று கேட்க அவர்களுக்கு இப்போது உரிமை உண்டு, கேட்கிறார்கள்.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டுமென்றால் அமைப்புக்கு மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் நோக்கங்களுக்காக 15 லட்சமாவது செலவிட்டிருக்க வேண்டும். ஆக, உள்ளூர்ப் பணத்தில் நடந்து காட்டாமல் அந்தக் கதவு திறக்காது. பதிவு ஐந்து வருடத்துக்கு. பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நேரடியாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் சம்பளம் அதில் சேராது. ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். கிடைத்தாலும் அதை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள். அந்த மூன்றில் ஒன்று என்ற அளவை பணம் கொடுக்கும் எந்த ஒரு கைக்கும் நாங்கள் வைத்திருக்கிறோம், சி.எஸ்.ஆர்.உட்பட.

விற்றுச் சம்பாதிப்பது

தையல், ஊறுகாய், மசாலாப் பொடி விற்று அதில் வகுப்பை நடத்தலாம் என்பார்கள். பெண்களுக்கு வருமானம் வரும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மகளிர் குழுவின் பெயரில், அவர்கள் லாபம் அவர்களுக்கே. அதிலிருந்து அறக்கட்டளைக்குப் பங்கு எதிர்பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அறக்கட்டளையே வியாபாரம் செய்தால் தனிக் கணக்குப் புத்தகம், வரிச் சிக்கல் என்று வேலை இரட்டிப்பாகும்.

கையிருப்பும் காலண்டரும்

பணம் வருவது மார்ச்சிலும் தீபாவளியை ஒட்டியும். செலவு குவிவது ஜூன், ஜூலையில், கல்லூரிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் சேர்ந்து வரும்போது. வருடக் கணக்கில் மிச்சம் காட்டும் அமைப்பு ஜூன் மாதத்தில் கடன் வாங்குவது இதனால்தான். பன்னிரண்டு கட்டம் போட்டு மாதவாரியாக வரவும் செலவும் எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் கழித்தல் குறி வருகிறதோ அந்தத் தொகைதான் உங்களுக்கு உடனடியாக வேண்டிய கையிருப்பு. அதற்கு மேல் ஆறு மாதச் செலவு, எங்கள் கணக்கில் 2,29,020 ரூபாய், வைப்புத்தொகையாக இருக்கட்டும். மூலதன நிதிக்கென்று, அதாவது செலவழிக்காமல் வைத்திருக்கும் நிதிக்கென்று, கொடுப்பவரிடம் அப்படி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அந்தப் பணத்தை மூலதனமாகக் கணக்கில் காட்ட முடியாது. வைப்பு வங்கியில்தான். சேலத்தில் நல்ல வட்டிக்குச் சீட்டு நடத்துகிறவர்கள் கட்டாயம் உங்களைத் தேடி வருவார்கள், அதிலும் உங்கள் கமிட்டி உறுப்பினரே அழைத்து வருவார். அறக்கட்டளைப் பணத்தை எங்கே போடலாம் என்று வருமான வரிச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது, அதில் சீட்டு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கொடுத்தவர்களுக்கு என்ன அனுப்புவது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம், தமிழில். வரவு, செலவு, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எது சரியாக நடக்கவில்லை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். டிசம்பரில் ஓர் ஆசிரியை கல்யாணமாகிப் போய்விட, மூன்று வாரம் கணக்குப் பாடம் நடக்கவில்லை என்று எழுதினோம். பல் மருத்துவரின் மனைவி வாரம் இரண்டு நாள் வந்து நடத்துகிறேன் என்றார்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படம் போடாதீர்கள். பெயரும் முகாமும் சேர்ந்து எங்கேயும் வரக் கூடாது. வழக்கு, குடியுரிமை மனு, கண்காணிப்பு என்று அவர்கள் வாழ்க்கையில் நமக்குத் தெரியாத காகிதங்கள் பல உண்டு. ஒரு சி.எஸ்.ஆர். அதிகாரி, பிள்ளைகள் வரிசையாக நின்று பை வாங்கும் படம் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். பைகளை மட்டும் அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினோம். அடுத்த தவணை இரண்டு மாதம் தாமதமாகத்தான் வந்தது. அந்த இரண்டு மாதமும் சுண்டலும் சம்பளமும் நூறு பேரின் பணத்திலும் கையிருப்பிலும் ஓடின.